கீழ் லயத்தில் முளைத்த புற்று

பேராக்கில் நிலநடுக்கம் கிடையாது என்று சொல்லித்தான் எங்கள் தலைமுறைக்கு வீடு விற்றார்கள். நாங்களும் தலையாட்டிவிட்டு வாங்கினோம். சுமத்ரா பக்கம் பூமி குலுங்கினால் ஈப்போவில் மாடி வீட்டு விளக்கு கொஞ்சம் ஆடும். மறுநாள் பத்திரிகையின் ஒரு மூலையில் செய்தி வரும். அதோடு எல்லாரும் மறந்துவிடுவார்கள். மண்ணைத் துளைத்துப் பார்த்தே வயிறு வளர்த்த எனக்கும் நெடுநாள் அதே எண்ணம்தான் இருந்தது.

போன மாதம், நான் வேலை பார்த்த மண் ஆய்வு நிறுவனத்திலிருந்து இளம் பொறியாளர்கள் இருவர் புந்தோங்கில் என் வீட்டுக்கு வந்தார்கள். புதுக் கருவி ஒன்று வந்திருக்கிறதாம். தரையில் நிறுத்திப் பொத்தானை அமுக்கினால் அதுவே கம்பியை இறக்கி, அடியில் என்ன மண் என்று திரையில் கோடு போட்டுக் காட்டிவிடுமாம். நல்ல விஷயம்தான், கையில் சேறு ஒட்டாது. கோப்பி குடித்து முடித்ததும் அவர்களில் ஒருவன் மெல்ல ஆரம்பித்தான்.

“அங்கிள், ஆபீஸ்ல ஒரு கத சொல்றாங்க. நீங்க ஒரு அம்மன் புத்த இடிச்சிட்டீங்களாம். அன்னிக்கே அங்க இருந்த வீடெல்லாம் குட்டைக்குள்ள போயிருச்சாம். நெசமாலா?”

கதை இவ்வளவு தூரம் வளர்ந்திருப்பது எனக்குத் தெரியாது. என் பெயர் அந்தோணிசாமி. அப்படி ஒரு கிறிஸ்தவன் அங்கே இருந்தான் என்றால் புற்றை இடித்தவன் அவனாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நான் இடிக்கவில்லை. யார் இடித்தார்கள், ஏன் இடித்தார்கள் என்பதை எழுதி வைத்துவிடுகிறேன்.

நான் பிறந்தது செமோருக்கு அப்பால் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது எனக்கென்று அங்கே வேலை எதுவும் மிஞ்சவில்லை. ஈப்போவுக்கு வந்து மண்ணைத் துளைக்கும் கூட்டத்தில் கூலியாளாகச் சேர்ந்தேன். மூன்று கால் கம்பத்தை நிமிர்த்துவது, இரும்புக் குண்டைக் கயிற்றில் இழுத்து விடுவது, குழாயில் ஏறி வரும் மண்ணை டப்பாவில் அடைத்து வாயை மெழுகால் மூடுவது என்று சில வருடங்கள் ஓடின. பிறகு மண்ணைத் தொட்டுப் பெயர் சொல்லக் கற்றுக்கொண்டேன். சட்டை கொஞ்சம் சுத்தமாயிற்று, தொழில்நுட்ப உதவியாளர் என்றார்கள்.

ஈப்போவைச் சுற்றியுள்ள மண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. ஈயம் எடுத்த திறந்தவெளிச் சுரங்கங்களை லம்பம் என்போம். அங்கே மண்ணைத் தண்ணீரால் பீய்ச்சிக் கரைத்து, உயரமான மரவாய்க்காலில் ஓடவிடுவார்கள். கனமான ஈயம் வாய்க்காலிலேயே தங்கும். மணலும் சேறும் மறுமுனையில் போய்க் கொட்டும். ஈயம் தீர்ந்ததும் லம்பக்காரர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். பெரிய குட்டை ஒன்றும் அதைச் சுற்றி மணல்வெளியும் மிஞ்சும். அந்த மணலை யாரும் அழுத்தி இறுக்கியதில்லை. தண்ணீரோடு வந்து விழுந்தது விழுந்தபடி கிடக்கும். மேலே சேறு காய்ந்து ஓடு கட்டியிருக்கும், அதில் லாலான் புல் முளைத்திருக்கும். மேடு கிடையாது, வெட்ட மரம் கிடையாது. வீடு கட்டி விற்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என் மேலதிகாரி ஞானசேகரம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தைப்பிங்கில் பிறந்தவர், பேச்சு மட்டும் கப்பல் ஏறி வந்தபடியே இருந்தது. கோடு போட்ட அரைக்கைச் சட்டை, கால்சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கரண்டி. அந்தக் கரண்டியால் மண்ணைக் கீறுவார், முகருவார், சில சமயம் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். மற்றவர்கள் பேசும்போது குறுக்கே பேசவே மாட்டார். பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அந்த இடைவெளியில் எதிரில் இருப்பவர் தானாகவே சொல்லக் கூடாததையெல்லாம் சொல்லிவிடுவார். இதை அவர் தந்திரமாகச் செய்தாரா, சுபாவமே அப்படித்தானா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

விரிசல் விழுந்த வீட்டுக்குள் நுழைந்தால் அவர் விரிசலைப் பார்க்க மாட்டார். கதவைப் பார்ப்பார். “எந்தக் கதவு முதல்ல இறுகினது?” என்றுதான் முதல் கேள்வி. வீட்டுக்காரர்களுக்கு விரிசல் எந்த நாளில் வந்தது என்று நினைவிருக்காது. கதவு சாத்த முடியாமல் போன நாளை யாரும் மறக்க மாட்டார்கள். அடுத்து ஒளிபுகும் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வாசலிலும் மறுமுனையைச் சமைக்கும் குசினியிலும் பிடிக்கச் சொல்லித் தரை எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று பார்ப்பார். கடைசியாகத்தான் கண்ணாடி. விரல் அகலத்துக்கு மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலின் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சாந்து பூசி ஒட்டிவிடுவார். சுவர் நின்றுவிட்டது என்றால் கண்ணாடி அப்படியே இருக்கும். சுவர் இன்னும் நகர்கிறது என்றால் கண்ணாடி உடையும். எவ்வளவு பெரிய ஆள் வந்து கேட்டாலும் கண்ணாடி பேசுவதற்கு முன் அவர் பேசியதில்லை.

விரிசலுக்கு வயது உண்டு என்பதை அவரிடம் நான் பார்த்தது கோலா கங்சாரில். ஏதோ ஒரு நில அதிர்வு வந்து போன பிறகு, பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமையாசிரியர் கட்டடமே பிளந்துவிட்டது என்று ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல் இருந்தது உண்மைதான். ஞானசேகரம் டார்ச் அடித்தார். உள்ளே சிலந்தி வலை, அதன் பின்னால் பச்சைச் சாயம், அதற்கும் பின்னால் நீலச் சாயம். “இந்த விரிசலுக்கு ரெண்டு தரம் பெயின்ட் அடிச்சிருக்கினம்” என்று மட்டும் சொன்னார். புதுக் கட்டடம் கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்த தலைமையாசிரியரின் முகம் விழுந்துவிட்டது. எங்களுக்குத் தேநீர் சொல்லியிருந்தார், அது கடைசிவரை வரவில்லை.

இனி அந்தத் தாமான். ஈப்போவுக்கும் செமோருக்கும் நடுவில், லம்பக் குட்டை ஒன்றின் கரையில் கட்டிய வீடமைப்புப் பகுதி அது. பெயர் வேண்டாம். எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம் விற்கப்பட்டபோது, அங்கே இருந்தவர்கள் பிரியக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக வீடு வாங்கியிருந்தார்கள். தோட்டத்து வழக்கத்தையும் விடவில்லை. சாலையோர வரிசையை மேல் லயம் என்றார்கள், குட்டையோர வரிசையைக் கீழ் லயம் என்றார்கள். அவர்களுடைய பழைய லயங்களையெல்லாம் புல்டோசர் தள்ளியபோது மாரியம்மன் கோயிலை மட்டும் சுற்றிக்கொண்டு போனதாம். கோயில் அந்த வெட்டவெளியில் தனியாகப் பல வருடம் நின்றது. இதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் மாதா கெபியும் அப்படித்தான் தப்பித்தது.

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. ஒரு முற்பகலில் சுமத்ரா குலுங்கியது. அலுவலகச் சுவரில் நாட்காட்டி ஆடியது என்று பிறகு சொன்னார்கள். நான் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. புந்தோங்கிலும் பெரும்பாலானவர்களுக்குத் தெரியவில்லை. தாமானில் வேறு கதை. குட்டைத் தண்ணீர் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு அலம்பியது. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் தலைசுற்றுகிறது என்று கீழே உட்கார்ந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கீழ் லயத்தின் பின்பக்கம் தரை அங்கங்கே வாய் திறந்து தண்ணீரையும் மணலையும் துப்பியது. அவரவர் சொந்தமாக நீட்டிக் கட்டியிருந்த குசினிகள் இறங்கின. செப்டிக் தொட்டிகளோ மண்ணுக்குள்ளிருந்து மேலே எழும்பி வந்து நின்றன. வீடு இறங்குகிறது, கக்கூஸ் தொட்டி ஏறுகிறது என்று மேல் லயத்துக்காரர்கள் சிரித்தார்களாம்.

வீட்டை விற்ற நிறுவனத்தார் வந்து பார்த்துவிட்டு, அனுமதி இல்லாமல் குசினியை நீட்டியதுதான் காரணம் என்றார்கள். நிலத்தில் குறை இல்லை, மற்றபடி அதிர்வு கடவுள் செயல் என்றும் சொன்னார்கள். காரணம் என்ன, நிலம் இன்னும் நகர்கிறதா, ஆட்கள் அங்கே இருக்கலாமா என்று பார்த்துச் சொல்லும்படி நகராண்மைக் கழகம் எங்களைக் கேட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. தோட்டத்துப் பெண்களுக்கு விடிந்ததும் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தால்தான் அன்றைய பொழுது தொடங்கும். பூமி துப்பிய மணலையெல்லாம் முன்னும் பின்னும் கூட்டி, வாரி, குட்டையில் கொட்டிவிட்டார்கள். மிச்சத்தை மழை கரைத்துவிட்டது. ஞானசேகரம் சுத்தமான பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பெருமூச்சு விட்டு நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பெருக்கவில்லை. வரிசையின் கடைசி வீடு லெட்சுமி அக்காவுடையது. மரம் வெட்டியே தேய்ந்த கை, உயரமான உடம்பு, யாரைப் பார்த்தாலும் கண்ணைத் தாழ்த்தாத ஆள். கணவர் தோட்டத்திலேயே இறந்துபோனார். மகள் சரோஜா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், நிறைமாதம். அந்த வீட்டின் பின்னறைச் சுவரை ஒட்டி, தகரம் வேய்ந்த சிறு கூரை புதிதாக முளைத்திருந்தது. அதன் கீழே முழங்கால் உயரத்தில் மணல் கூம்பு, உச்சியில் ஒரு துவாரம். மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் வைத்து, முட்டையும் வாழைப்பழமும் படைத்திருந்தார்கள். அம்மன் புற்றாக எழுந்தருளியிருக்கிறாள் என்று கீழ் லயம் முழுவதும் அங்கே கூடிக் கிடந்தது.

ஞானசேகரம் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நானும் என் சப்பாத்தைக் கழற்றினேன். பிறகு அவர் குந்தி உட்கார்ந்து கைகட்டியபடி வெகுநேரம் அதையே பார்த்தார். நிலம் நீராகிக் கொதித்துத் துப்பினால் இப்படித்தான் கூம்பு எழும்பும் என்று புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறாராம். பேராக்கில் ஒன்றை நேரில் பார்ப்போம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இவர்கள் கும்பிட்டதால்தான் அது மழையிலும் விளக்குமாற்றிலும் தப்பியிருந்தது.

“இதுக்குப் பக்கத்தில ஒரு பள்ளம் வெட்டிப் பார்க்க வேணும். கூம்பில கை வைக்க மாட்டோம்” என்றார்.

தாமான் குழுத் தலைவர் மணியம் அண்ணன், பேருந்து ஓட்டுநர், உடனே என்னைக் காட்டினார். “யாரு வெட்றது? இந்த வேதக்காரத் தம்பியா? அதெல்லாம் முடியாது லா ஐயா.”

லெட்சுமி அக்காதான் அவரைத் தடுத்தார். “வெட்டட்டும் அண்ணே. அம்மாவுக்குத் தெரியாததா? பாத்துட்டுப் போவட்டும்.”

கூம்புக்கு ஒரு முழம் தள்ளி நான்தான் வெட்டினேன். மேலே காய்ந்த சேற்று ஓடு, அதன் கீழே நீர் கசியும் சாம்பல் மணல். கூம்புக்கு நேர் அடியில், ஓட்டைப் பிளந்துகொண்டு ஒரு மணல் நரம்பு கீழிருந்து மேலே ஏறியிருந்தது. வெட்டிய பக்கச்சுவரில் அது வெள்ளையாகத் தெரிந்தது. அண்டாவில் நீர் கொதிக்கும்போது மூடியின் சந்தில் ஆவி வழி தேடுகிற மாதிரி, அடியில் நெருக்கப்பட்ட நீர் அந்த வழியாக மணலை இழுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. பக்கத்தில் கம்பியை இறக்கிப் பார்த்தோம். குண்டால் அடிக்கத் தேவையே இருக்கவில்லை. கம்பி தன் எடையிலேயே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. 

ஞானசேகரம் அந்தச் சாம்பல் மண்ணில் ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் அடை மாதிரித் தட்டினார். கையை மற்றக் கையால் பக்கவாட்டில் தட்டிக் குலுக்கினார். மண்ணின் மேல் நீர் பளபளவென்று ஏறியது. விரலால் அமுக்கினார், நீர் உள்ளே போய் மண் மங்கிவிட்டது. மறுபடி குலுக்கினார், மறுபடி பளபளத்தது. கீழ் லயமே அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“சுமத்ராவில இருந்து வந்தது மெல்லிய ஆட்டம். கெட்டி நிலத்தில ஒருத்தருக்கும் தெரியேல்ல. இது அகர்-அகர் மாதிரியான நிலம், தட்டை மெல்ல அசைச்சாலும் மேலே நல்லா ஆடும். ஆட்டத்தில மணல் தன்னை நெருக்கிக்கொண்டு கீழே இருக்கப் பார்க்குது. நடுவில இருக்கிற தண்ணிக்குப் போக இடமில்லை. கொஞ்ச நேரத்துக்கு நிலமே கஞ்சி. பாரமான குசினி தாழும், வெறும் தொட்டி மிதக்கும். இவ்வளவு மழை பெய்யாமல் இருந்திருந்தால் நடந்திராது எண்டும் சொல்லலாம்.”

“திரும்பக் குலுங்குனா?” என்று கேட்டார் லெட்சுமி அக்கா.

“குலுங்கினாலும் நடக்கலாம். குலுங்காட்டிலும், நிலம் குட்டைப் பக்கம் சரியத் தொடங்கியிருந்தால் மழையே போதும். சரியுதோ இல்லையோ எண்டுதான் பார்க்கப் போறன்.”

அவர் காட்டிய பிறகுதான் நானும் கவனித்தேன். புல்லுக்குள் மெல்லிய வெடிப்புகள், ஒன்றன் பின் ஒன்றாக, எல்லாம் குட்டைக் கரைக்கு இணையாக ஓடின. அதில் வீட்டுக்கு மிக அருகில் இருந்தது லெட்சுமி அக்காவின் பின்னறைக்கு அடியிலேயே நுழைந்தது. அந்த அறையில்தான் சரோஜாவின் கட்டில் கிடந்தது.

பின்னறைச் சுவரில் கண்ணாடி ஒட்டினோம். “பிள்ளையை முன் அறைக்கு மாத்துங்கோ” என்றார் ஞானசேகரம். லெட்சுமி அக்கா மகளைப் பார்த்தார்.

“முன்னால போயிரு சரோஜா.”

“நான் போவ மாட்டேன். அம்மன் பக்கத்துல படுத்தா கொறையில்லாம பொறக்கும்னு நீதானேம்மா சொன்ன? கனவுல வந்து சொன்னான்னு சொன்னீல்ல?” என்றாள் சரோஜா. சுற்றி இருந்த பெண்களும் அதையே சொன்னார்கள். லெட்சுமி அக்கா திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார்.

அன்று திரும்பும்போது ஞானசேகரம் காரில் கேட்டார். “அந்த மனுசி பாலை எங்க ஊத்தினவ, கவனிச்சீரா?”

நான் கவனித்திருந்தேன், ஆனால் யோசிக்கவில்லை. மற்றவர்கள் பால் கொண்டு வந்தால் லெட்சுமி அக்கா வாங்கி, கூம்பின் மேல் ஊற்றாமல் பக்கத்தில் இருந்த தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார். புற்று என்றால் தலையில்தான் ஊற்றுவார்கள். மணலில் ஊற்றினால் கரைந்துவிடும்.

அடுத்த சில நாட்கள் கீழ் லயத்தில் வரிசையாகத் துளை போட்டோம். மழை தொடர்ந்தது. லெட்சுமி அக்கா காலையிலும் மாலையிலும் கண்ணாடியைப் பார்ப்பதை நான் பார்த்தேன். ஒரு தடவை தனியாக ஞானசேகரத்திடம் வந்தார்.

“ஐயா, அது புத்து இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்களேன். படிச்சவரு சொன்னா கேப்பாங்க.”

அவர் சொன்னார், கூட்டம் போட்டே சொன்னார். மணியம் அண்ணன் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். “நீங்க சொல்றது சரிதான் ஐயா, மணலுதான். அம்மா மணலா வரக் கூடாதுன்னு சட்டம் இருக்கா? எந்த ரூபத்துலயும் வருவா. அவ வந்த எடத்த விட்டுட்டு எங்கள எங்க போவ சொல்றீங்க?” ஞானசேகரம் வழக்கம்போலப் பேசாமல் இருந்தார். இந்தத் தடவை எதிரில் இருந்தவர்களும் பேசாமல் இருந்தார்கள்.

ஒரு காலையில், நாங்கள் வரிசையின் மறுமுனையில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது லெட்சுமி அக்கா நடந்து வந்தார். கையை விரித்தார். கண்ணாடி இரண்டு துண்டாக இருந்தது.

“ஒடஞ்சிருச்சு ஐயா.”

ஞானசேகரம் போய்ச் சுவரைப் பார்த்தார், வெடிப்பில் கரண்டியை விட்டுப் பார்த்தார். “எல்லாரும் வெளிக்கிட வேணும். இண்டைக்கே” என்றார். அறிக்கை எழுதவில்லை, மேலிடத்தைக் கேட்கவில்லை. மணியம் அண்ணன் வந்தார், எல்லாரும் வந்தார்கள், கேட்டார்கள். ஒருவர்கூட மூட்டை கட்ட உள்ளே போகவில்லை. சிலர் கூம்புக்கு முன்னால் உட்கார்ந்து கற்பூரம் ஏற்றினார்கள். சரோஜா கட்டிலில் இருந்தபடி சன்னல் வழியாகக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

லெட்சுமி அக்கா மகளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, மஞ்சள் துணியை அவிழ்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். முட்டையையும் பழத்தையும் தட்டோடு எடுத்து ஓரமாக வைத்தார். யாரும் புரிந்துகொள்வதற்குள் விளக்குமாறு கூம்பில் இறங்கிவிட்டது. வாசல் பெருக்குவது போலவே பெருக்கினார். மணல் மளமளவென்று சரிந்தது. ஒரு பெண் அலறினாள். மணியம் அண்ணன் அவர் கையைப் பிடிக்கப் போனார்.

“விடு அண்ணே. இது புத்து இல்ல. நான் பொறந்ததுலேருந்து மரத்துக்கு மரம் புத்து பாத்தவ, எனக்குத் தெரியாதா? செம்மண்ணா, கல்லாட்டம் இருக்கும். இது மணலு. மொத நாளே தெரியும். நாந்தான் புத்துன்னு சொன்னேன். கனவு கினவு ஒண்ணும் வரல.”

“ஏன்கா இப்படிப் பண்ணே?” என்று கேட்டது யார் என்று நினைவில்லை.

“தோட்டத்துல எல்லாத்தையும் தள்ளுனான், கோயில மட்டும் தொடல. நம்ம வூட்டயும் தள்ள வருவான்னு தெரியும். அம்மா இருக்கான்னா தொட மாட்டான்னு நெனச்சேன். வீடு நிக்கணும்னுதான் சொன்னேன். இப்ப எம்புள்ளையே அத நம்பிப் படுத்துக் கெடக்குறா.” மீதி மணலையும் பெருக்கி முடித்துத் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “மன்னிச்சுக்க தாயே” என்று சொன்னது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை.

அன்று மாலைக்குள் கீழ் லயம் காலியானது. யாரும் லெட்சுமி அக்காவோடு பேசவில்லை. சரோஜாவையும் லெட்சுமி அக்காவையும் எங்கள் வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு புந்தோங்கில் உறவினர் வீட்டில் விட்டோம். வழிநெடுக அவளும் தாயோடு பேசவில்லை. மறுநாள் பகலில், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, பின்பக்கக் கரை வெடிப்பு வெடிப்பாகக் கழன்று குட்டைக்குள் போனது. குசினிகள் போயின. லெட்சுமி அக்காவின் பின்னறை கட்டிலோடு போனது. நானும் ஞானசேகரமும் மேல் லயத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அதிகச் சத்தம்கூட இல்லை. உள்ளே ஆள் யாரும் இல்லை.

வழக்கு, வாதம், மாற்று வீடு எல்லாம் வருடக்கணக்கில் இழுத்து ஒருவாறு முடிந்தன. அது வேறு கதை. ஞானசேகரம் எழுதிய அறிக்கையில், ஆய்வுக்குப் பின் மணல் கூம்பு அகற்றப்பட்டது என்று மட்டும் இருந்தது. அகற்றியது யார் என்று அவர் எழுதவில்லை. அதனால்தான் ஆபீஸ் கதையில் பழி என் தலையில் விழுந்ததோ என்னவோ.

சரோஜாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் நாளுக்கு லெட்சுமி அக்கா கீழ் லயத்தில் ஒவ்வொரு குடும்பத்தையும் தேடிப் போய் அழைத்திருந்தார். சாமி பேரில் பொய் சொன்னவள் வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். நானும் ஞானசேகரமும் போனபோது வாடகை நாற்காலிகள் காலியாக வரிசை போட்டிருந்தன. அடுப்படியில் ஊருக்கே ஆக்கியது போலச் சோறு இருந்தது. அந்த மஞ்சள் துணியைத் தொட்டிலின் கம்பில் கட்டியிருந்தார்கள். சரோஜா குழந்தையைத் தாயின் மடியில் வைத்தாள். அவள் தாயோடு மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள் என்று தெரிந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஒருத்தர்கூட வரலயே அக்கா” என்று கேட்டுவிட்டேன்.

லெட்சுமி அக்கா குழந்தையைத் தட்டிக்கொண்டே வாசலைப் பார்த்தார்.

“வராட்டி என்னா தம்பி. எல்லாரும் உசுரோட இருக்காங்கல்ல, அது போதும் லா. நீங்க ஒக்காந்து சாப்புடுங்க.”